பழுது பார்த்த வீட்டின் வாடகை

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய உட்தெருக்களில் ஒரே மாதிரியான பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. வீடு, மனை வாங்க, விற்க, வாடகை, லீஸ், பேங்க் லோன் ஏற்பாடு செய்து தரப்படும், பெயின்டிங், பிளம்பிங் வேலைகள் செய்யப்படும். பத்துக்குப் பத்து கடை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஓயாமல் அடிக்கும் கைப்பேசி. வீட்டை வைத்துச் சம்பாதிக்கக்கூடிய மூன்று வழிகளும் அந்தப் பலகைக்குள் வந்துவிடுகின்றன. அடமானத்தின் பேரில் கடன் கொடுப்பது அல்லது வாங்கித் தருவது. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துக் கமிஷன் பெறுவது. பழைய வீட்டைச் செப்பனிட்டு வாடகைக்கு விடுவது.

ஓய்வுபெற்றபோது கையில் சேர்ந்த தொகையை என்ன செய்வது என்று தெரியாத ஆசிரியர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர், நகையை விற்றுப் பணமாக வைத்திருக்கும் குடும்பம் என்று சிறிது சேமிப்பு உள்ள எல்லோரிடமும் இந்த மூன்றும் ஒரே மூச்சில் விற்கப்படுகின்றன. வார இறுதிப் பயிலரங்குகளில், யூடியூப் காணொலிகளில், திருமண வீட்டுப் பந்திகளில்கூட இதே பேச்சு. உட்கார்ந்த இடத்தில் மாதாமாதம் வருமானம்!

இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்க முடியாது என்பதே என் வாதம். முதல் இரண்டில் வீடு இருந்தபடியே இருக்க, பத்திரமும் பணமும் மட்டும் கைமாறுகின்றன. மூன்றாவதில்தான் கூரை ஒழுகுவது நிற்கிறது. பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு குடும்பம் குடியேறுகிறது. ஆனால் நம் சட்டமும் வரியும் வங்கி நடைமுறையும் முதல் இரண்டுக்கும் பாதையைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மூன்றாவதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கின்றன.

கடன் கொடுப்பதிலிருந்து தொடங்கலாம். "நூற்றுக்கு இரண்டு வட்டி, வீட்டுப் பத்திரம் கையில் இருக்கிறது, பயமே இல்லை" என்று சொல்லித்தான் பணம் கேட்கிறார்கள். மாதத்துக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். தொழிலாகக் கடன் கொடுப்பவர் 1957ஆம் ஆண்டின் தமிழ்நாடு வட்டிக்குக் கடன் கொடுப்போர் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி அதீத வட்டி வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. இவை தெரிந்தே மீறப்படுகின்றன. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கடன் தொல்லை தாங்காத ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் தீக்குளித்து மாண்டார். அந்தக் காட்சியின் படத்தைப் பார்த்த யாரும் வட்டித் தொழிலை வெறும் முதலீடு என்று பேச முடியாது.

வட்டி விகிதத்தைவிட எனக்கு அதிக அச்சம் தருவது ஈடு எழுதும் விதம். அடமானத்தில் கடன் வாங்கியவருக்கு வலுவான ஓர் உரிமை உண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் சொத்தை மீட்கலாம்; அந்த மீட்புரிமையை எந்த நிபந்தனை எழுதியும் பறிக்க முடியாது என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் அடிப்படை. இந்த உரிமையிலிருந்து தப்பிக்கவே பல தனியார் கடன்காரர்கள் அடமானப் பத்திரம் எழுதுவதில்லை. கிரயப் பத்திரமாகவோ, கிரய ஒப்பந்தமும் பொது அதிகாரப் பத்திரமுமாகவோ எழுதி வாங்குகிறார்கள். "பணத்தைக் குடுத்ததும் திருப்பி எழுதித் தர்றேன், என் மேல நம்பிக்கை இல்லையா அண்ணே?" என்ற வாய்ச்சொல் மட்டும் பதிலுக்கு. திருப்பி எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லாவிட்டால் அது அடமானமாகாது என்று 1929இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு வரி, அண்ணனின் வீட்டை அப்படியே விழுங்கிவிடும். இப்படி எழுதி வாங்கிய பத்திரங்களின் மேல் சேரும் வட்டியை வருமானம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடமானக் கடன் என்றாலே தீமை என்றும் சொல்லமாட்டேன். மயிலாப்பூரில் 1872இல் தொடங்கிய நிதி இன்றும் இயங்குகிறது. உறுப்பினரிடம் மட்டுமே வைப்புத்தொகை வாங்கி, உறுப்பினருக்கு மட்டுமே நகையின் பேரிலும் வீட்டின் பேரிலும் கடன் தருவது நிதிகளின் முறை. கடன் வாங்குபவர் எந்தத் தெரு, என்ன வேலை, குடும்பத்தில் எத்தனை பேர் என்று தெரிந்தவர்கள் கொடுக்கும் கடன் அது. ஈட்டை விற்று எடுப்பதைவிட ஆளிடமிருந்து திரும்பப் பெறுவதையே அது நம்புகிறது. இந்த முறையைப் போலி செய்து மூடிவிட்டுப் போன நிறுவனங்களும் சென்னையில் உண்டு. மூல முறையின் கட்டுப்பாடு அவற்றில் இல்லாமற்போனதே காரணம்.

நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் கொடுத்த கடன் மூழ்காது என்ற நம்பிக்கைக்குத் தமிழர் வரலாற்றிலேயே பெரிய மறுப்பு இருக்கிறது. கீழ் பர்மாவின் நெல் வயல்களை ஈடாக வைத்து நகரத்தார் கொடுத்த கடன்தான் அந்த நாட்டின் அரிசி ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்தியது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் தாக்கி, நெல் விலை சரிந்தது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவரிடம் வந்து சேர்ந்தது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த நகரத்தாரின் நில உடைமை 1930களின் இறுதிக்குள் 25 சதவீதமானது. அவர்கள் விரும்பிக் கேட்ட நிலம் இல்லை அது. விற்கவும் ஆளில்லை, உழவும் தெரியாது. உள்ளூர் மக்களின் கோபம் மட்டும் முழுதாக வந்து சேர்ந்தது. 1948இல் பர்மா அரசு நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. தலைமுறைகளின் உழைப்பு போனது. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் அந்தக் காலத்துக் கணக்குப் பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. வீட்டுக் கடனில் முதலீடு செய்யச் சொல்லும் எந்தப் பயிலரங்கிலும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

கடன் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கடன் கொடுப்பவர்கள் நம்மிடையே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். சென்னையில் லீஸ், தெற்கே ஒத்தி, வேறு சில ஊர்களில் போக்கியம். வீட்டுக்காரரிடம் மொத்தமாக எட்டு லட்சம் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது எட்டு லட்சத்தையும் திரும்பப் பெறுவது. மாதச் சம்பளத்தில் வாடகை கொடுத்துக் கரைவதைவிட இது மேல் என்று பல குடும்பங்கள் கருதுகின்றன. பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை இப்படிப் போட்டுவைப்பார்கள். பணமும் பத்திரம், குடியிருக்க வீடும் ஆயிற்று என்பது கணக்கு.

அதே கணக்கை வீட்டுக்காரர் பக்கமிருந்து போட்டுப் பாருங்கள். அந்த வீட்டின் வாடகை மாதம் 10,000 என்றால், அவர் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுத்து எட்டு லட்சம் கடன் வாங்குகிறார். அதாவது 15 சதவீத வட்டி. ஒழுங்கான வில்லங்கமில்லாத வீடு கையில் இருப்பவருக்கு வங்கி இதைவிட எவ்வளவோ குறைந்த வட்டிக்குத் தரும். பிறகு ஏன் இவர் லீசுக்கு விடுகிறார்? எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை; வருமானச் சான்று இல்லாததால் வங்கி வாசலையே மிதிக்க முடியாத நல்லவர்கள் உண்டு. ஆனால் வங்கி ஏற்கெனவே மறுத்தவர்களும், அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் வைத்திருப்பவர்களும் இந்தச் சந்தைக்குத்தான் வருகிறார்கள். வங்கிக் கடனின் தவணை 90 நாள் தவறினால் அது வாராக் கடன். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டு, வழக்குப் போடாமலே வங்கி வீட்டைக் கையகப்படுத்தத் தொடங்கலாம். வங்கியின் நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும் நாளில்தான், தான் கொடுத்த எட்டு லட்சத்துக்கு எந்த ஈடும் இல்லை என்பது குடியிருப்பவருக்குத் தெரியவருகிறது. இதைவிட மோசம், வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு எடுத்து, குடியிருப்பவரிடம் லீஸ் தொகையாக லட்சங்களை வாங்கி, சில மாதங்கள் வாடகையைக் கட்டிவிட்டுக் கம்பி நீட்டும் இடைத்தரகு நிறுவனங்கள். அப்போது வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் நிற்பார்கள்.

பதிவு செய்திருக்கலாமே என்று கேட்பது எளிது. 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. உரிமை ஆவணங்களை ஒப்படைத்து வாங்கும் வங்கிக் கடனுக்கு மட்டும் அதில் விலக்கு. நடைமுறையில் என்ன ஆகிறது? தமிழ்நாட்டில் சுவாதீனத்துடன் கூடிய அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை கடன் தொகையில் 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். எட்டு லட்சத்துக்கு 40,000 ரூபாய். வங்கியில் ஆவணங்களை ஒப்படைத்து வாங்கும் கடனுக்கு முத்திரைத் தீர்வை 0.5 சதவீதம்தான், அதற்கும் உச்ச வரம்பு உண்டு. கோடி ரூபாய் கடன் கொடுக்கும் வங்கியின் பாதுகாப்புக்கு ஒரு கட்டணம், வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கும் குடும்பத்தின் பாதுகாப்புக்கு அதைப்போல் எட்டு மடங்கு விகிதம். இந்த ஏற்பாட்டில் சாதாரண முத்திரைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு மக்கள் நிறுத்திக்கொள்வதில் வியப்பென்ன? குடியிருப்புக்கான ஒத்திப் பத்திரங்களுக்குத் தீர்வையை வங்கி அளவுக்கே குறைக்க மாநில அரசால் முடியும். வருவாய் இழப்பு என்று பதிவுத் துறை சொல்லக்கூடும். இப்போது பதிவே ஆகாத பத்திரங்களிலிருந்து வரும் வருவாய் எவ்வளவு என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

அதுவரை லீசுக்குப் போகிறவர்கள் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பாருங்கள். கட்டணமில்லாமல் பார்க்கலாம். வங்கி அடமானம் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். "பேங்க் லாக்கர்ல இருக்கு தம்பி, நாளைக்குக் காட்டுறேன்" என்றால் அந்த நாளை வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இனி கமிஷன். தரகர்களை வசைபாடுவது எல்லோருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தத் தெருவில் மழை வந்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், எந்த வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர ஆறு மாதம் இழுப்பார், எந்த அடுக்ககத்தில் ஏப்ரலிலேயே போர் தண்ணீர் வற்றும் என்பதெல்லாம் அந்தப் பகுதித் தரகருக்குத்தான் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீடு தேடியவர்களுக்கு இந்த அறிவின் விலை தெரியும். வாடகைக்கு ஒரு மாத வாடகை, விற்பனைக்கு ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என்று அவர் கேட்பது அந்த அறிவுக்கும் அலைச்சலுக்குமான கூலி. ஆனால் வியாபாரம் முடிந்தால்தான் அந்தக் கூலி கிடைக்கும். தண்ணீர் நிற்கும் என்று உண்மையைச் சொல்லி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு அவருக்கு ஒன்றுமில்லை. கமிஷன் என்ற ஏற்பாட்டிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது. ஆளின் குணத்தில் இல்லை.

அதே தரகர் வங்கிக் கடனுக்கும் முகவராகும்போது கோளாறு இரட்டிப்பாகிறது. கடன் தொகையில் ஒரு பங்கு அவருக்கு வங்கியிலிருந்து கமிஷனாக வருகிறது. தொகை பெரிதானால் கமிஷனும் பெரிதாகும். "சார், உங்க சம்பளத்துக்கு நாற்பது வரைக்கும் எலிஜிபிலிட்டி வருது. எதுக்கு முப்பதோட நிறுத்தணும்? இன்டீரியர் செலவுக்கும் ஆகுமே" என்று அவர் கேட்பது அக்கறையாகவே தோன்றும். வாங்குபவர் அந்த நேரத்தில் விற்பவரின் ஆளிடமும், வங்கியின் ஆளிடமும், உள்வேலை செய்யப்போகும் ஒப்பந்ததாரரின் ஆளிடமும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் பக்கத்து ஆள் என்று யாரும் அங்கே இல்லை.

அமெரிக்கா இந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. வீட்டு விற்பனையை ஒட்டிய சேவைகளுக்கு ஆள் அனுப்பிவைப்பதற்காகக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் அந்த நாடு 1974ஆம் ஆண்டின் ரெஸ்பா சட்டத்திலேயே தடை செய்திருந்தது. ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. கடன் வாங்குபவரின் தகுதிக்குக் கிடைக்க வேண்டியதைவிட அதிக வட்டியில் அவரைச் சேர்த்துவிட்டால், அந்த வித்தியாசத்துக்கு ஏற்பக் கடன் தரகருக்குக் கூடுதல் பணம் கொடுத்தார்கள். குறைந்த வட்டிக்குத் தகுதியுள்ளவர்களையும் மோசமான கடன்களில் தள்ள அது தரகர்களைத் தூண்டியது. 2008 நிதி நெருக்கடியில் எல்லாம் இடிந்து விழுந்த பிறகுதான், வட்டி விகிதத்தைப் பொறுத்துத் தரகருக்குக் கூலி கொடுக்கக் கூடாது என்ற விதி 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வீடு இழந்தவர்களுக்கு அது காலம் கடந்த ஆறுதல்.

நம்மிடம் இருக்கும் விதி என்ன? 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி மனை விற்பனை முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் அது பதிவுபெற்ற திட்டங்களில் புது மனையும் புது வீடும் விற்பவர்களுக்கே பொருந்தும். பழைய வீட்டை விற்றுத் தருபவர், வாடகைக்குப் பிடித்துத் தருபவர், லீஸ் முடித்துத் தருபவர் யாரும் அதன் வரம்புக்குள் வரமாட்டார்கள். தமிழகக் குடும்பங்கள் தரகரைத் தேடிப் போகும் சமயங்களில் பெரும்பாலானவை இவைதான். வங்கிக் கடனில், 2024 அக்டோபர் முதல் முக்கிய விவரங்களை ஒரே அறிக்கையில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. ஆண்டு வட்டி, கட்டணங்கள் எல்லாம் அதில் உண்டு. கடனைப் பிடித்துத் தந்த முகவருக்கு வங்கி கொடுத்த தொகையையும் அதே அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தன் பக்கத்தில் நின்று ஆலோசனை சொன்னவருக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரிந்த பிறகு, கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று வாங்குபவர் முடிவுசெய்யட்டும்.

கடன் வாங்கி வீடு வாங்கி, வாடகையில் தவணையைக் கட்டிவிடலாம் என்ற யோசனையை மட்டும் யாரும் நம்பக் கூடாது. சென்னைப் புறநகரில் 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 15,000 ரூபாய் வாடகை வந்தால் ஆண்டுக்கு 3 சதவீதம். அதை வாங்க 45 லட்சம் கடன் எடுத்தால், எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 39,000. மாதாமாதம் 24,000 ரூபாயைக் கையிலிருந்து போட்டு, வீட்டின் விலை ஏறும் என்று காத்திருப்பது வாடகை வருமானமாகாது. அது நிலவிலைச் சூதாட்டம். வட்டியும் நிற்கிற இடத்தில் நிற்காது. 2020 மே முதல் 2022 மே வரை 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரிக்குள் ஆறரைக்கு ஏறியது. 6.7 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கியவரின் தவணை 22,700 சொச்சம். அதே 30 லட்சம் நிலுவைக்கு 9.2 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 23,000. தவணையை உயர்த்தாமல் காலத்தை மட்டும் நீட்டிய கடன்களில் அசல் ஏன் அசையவே இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

இனி நான் ஆதரிக்கும் வருமானம். ஏற்கெனவே கையில் இருக்கும் பழைய வீடு. அப்பா 1990களில் கடன் பட்டுக் கட்டிய இரண்டு படுக்கையறை, அல்லது அம்மா பெயரில் உள்ள அடுக்கக வீடு. 15,000 வாடகைக்குப் போகும் அந்த வீட்டில் இரண்டரை லட்சம் செலவு செய்து, வாடகை 18,500 ஆனால், கூடுதலாக வருவது ஆண்டுக்கு 42,000. போட்ட பணத்துக்கு 16 சதவீதத்துக்கு மேல். வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் குறைவதும், அடிக்கடி ஆள் மாறாததும் கணக்கில் வராத லாபம். நூற்றுக்கு இரண்டு வட்டிக்காரர் தொடும் அளவுக்கு இது வரவில்லைதான். ஆனால் யார் வீட்டையும் எழுதி வாங்கத் தேவையில்லை; யாரும் தீக்குளிக்கமாட்டார்கள்.

எதில் செலவு செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முகப்பில் கல் ஒட்டி, கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, வண்ண விளக்கு எரியவிட்டால் இணையத்தில் படம் நன்றாக வரும். குடியிருக்க வருபவர் பார்ப்பது வேறு. முதலில் மொட்டை மாடி. வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசியில் தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய தட்டோட்டைத் தட்டிப் பார்த்து, உப்பிய இடங்களைப் பெயர்த்து எடுத்து, நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, வாட்டம் சரிபார்க்க வேண்டும். கூரை ஒழுகும் வீட்டில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது வீண். ஒரே மழையில் பூத்துக்கொண்டு வரும். சென்னையில் கடலோரக் காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளும்; கூரைக் காரை பாளம் பாளமாக விழும். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் முப்பது வயதான அடுக்ககங்களில் பால்கனிகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். மேலே சிமென்ட் அப்பி மூடுவது ஏமாற்று வேலை. துருவைச் சுரண்டி எடுத்து, கம்பிக்குப் பூச்சு கொடுத்து, தேய்ந்த இடத்தில் புதுக் கம்பி கட்டி, பிறகுதான் பூச வேண்டும்.

அடுத்தது குளியலறை. மேல் வீட்டுக் குளியலறைத் தரையில் நீர் வடியும் நஹானி டிராப்பைச் சுற்றிக் கசியும் நீர்தான் கீழ் வீட்டுக் கூரையை நாசமாக்குகிறது. அடுக்ககச் சண்டைகளில் பாதி இங்கே பிறந்தவை. பழைய ஜிஐ குழாய்கள் உள்ளே துருவடைத்து விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். அவற்றைச் சிபிவிசியாக மாற்றினால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும், குடியிருப்பவர் அதை முதல் நாளே கவனிப்பார். பிறகு மின்சாரம். ஒரு மின்விசிறியும் டியூப் லைட்டும் மட்டும் ஓடிய காலத்து வயரிங்கில் இன்று குளிர்சாதனமும் வாட்டர் ஹீட்டரும் ஓடுகின்றன. வயரை மாற்றி, மின் கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்துவது பெரிய செலவில்லை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் ஒரு குழந்தையின் உயிர் அதில் இருக்கிறது. இவை எல்லாம் முடிந்து பணம் மிஞ்சினால் சமையலறைக்கு இரண்டு அலமாரி, ஜன்னலுக்குக் கொசுவலை. இந்தச் செலவில் பெரும்பகுதி அந்தப் பகுதியிலேயே வாழும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் போகிறது என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வாடகைக்கு விடக்கூடிய வீடுகள் நாட்டில் இல்லாமலும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. 1961இல் நகர்ப்புறக் குடும்பங்களில் பாதிக்கு மேல் வாடகை வீட்டில் இருந்தன. 2011இல் அது 28 சதவீதமாகக் குறைந்திருந்தது. வீட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு விலை ஏறக் காத்திருக்கும் பழக்கத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகையும் காலி செய்ய வைப்பதும் ஆண்டுக்கணக்கில் நீளும் வழக்குகளாயின. திருவல்லிக்கேணியிலும் ஜார்ஜ் டவுனிலும் மிகக் குறைந்த வாடகையில் தலைமுறையாகக் குடியிருந்தவர்களும், அந்த வாடகையில் ஓர் ஓட்டைக்கூட மாற்ற மறுத்த உரிமையாளர்களும் சேர்ந்து நல்ல நல்ல வீடுகளை இடிய விட்டார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. எழுத்து மூலமான ஒப்பந்தம், அதற்கு வாடகை அதிகாரியிடம் பதிவு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கூடாது என்றெல்லாம் சொன்னது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய், வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு என்றும் பட்டியலிட்டது. வாடகையை ஏற்ற உரிமையாளர்கள் இந்தச் சட்டத்தை மேற்கோள் காட்டுகிறார்கள். பழுதுப் பட்டியலை மேற்கோள் காட்டும் உரிமையாளரைக் காண்பது அரிது.

பழுது பார்க்க யாரும் முன்வராததற்கு வங்கிகளுக்கும் பங்குண்டு. வீடு சீரமைப்புக் கடன் என்று ஒரு திட்டம் பல வங்கிகளிலும் பெயருக்கு இருக்கிறது. மூன்று லட்சத்துக்கு விண்ணப்பித்தால் முப்பது லட்சத்துக்குக் கேட்கும் அதே ஆவணங்களைக் கேட்பார்கள்; மூன்று லட்சத்தில் கிடைக்கும் கமிஷனுக்காக எந்த முகவரும் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார். கடைசியில் அந்த உரிமையாளர் தனிநபர் கடன் என்ற பெயரில் கூடுதல் வட்டிக்கு வாங்குவார், அல்லது இன்னொரு மழைக்காலம் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

வருமான வரியில் இருக்கும் அநீதி இதைவிடப் பெரிது. வாடகை வருமானத்தில் உள்ளாட்சி வரி போக மிச்சத்தில் 30 சதவீதத்துக்கு வரி இல்லை. வீட்டைப் பராமரிக்கச் செலவாகுமே என்பதற்காகத் தரப்படும் கழிவு அது. ஆனால் ஒரு ரூபாயாவது செலவு செய்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. கூரையைப் பிரித்துச் செப்பனிட்டவருக்கும் 30 சதவீதம். பத்து ஆண்டாக ஒரு வாளி சுண்ணாம்பு வாங்காதவருக்கும் அதே 30 சதவீதம். உண்மையில் முழுமனதோடு பழுது பார்த்து அந்த வரம்பைத் தாண்டிச் செலவழித்தவருக்கு, தாண்டிய தொகைக்குச் சலுகை கிடையாது. சோம்பலுக்குச் சலுகையும் அக்கறைக்குத் தண்டனையும் தரும் இந்த ஏற்பாடு, வருமான வரிச் சட்டம் புதிதாக எழுதப்பட்டபோதும் அப்படியே தொடர்ந்திருக்கிறது.

இதை மாற்றலாம். 30இல் பாதியை எல்லோருக்கும் நிபந்தனையில்லாமல் விட்டுவிட்டு, மறுபாதியையும் அதற்கு மேல் ஆகும் செலவையும் ரசீதோடு காட்டுபவருக்குத் தரலாம். ஒரே ஆண்டில் கூரை மாற்றியவர் அந்தச் செலவை நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிரித்துக் காட்டவும் இடம் கொடுக்கலாம். வாடகையை மட்டுமே நம்பி வாழும் கைம்பெண்களையும் முதியோரையும் இது வதைக்காதா என்ற கேள்வி நியாயமானது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர் வரியே கட்ட வேண்டியதில்லை. அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த வரம்புக்குள் வந்துவிடுவார்கள். இந்த நிபந்தனை தொடப்போவது நான்கைந்து வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர்களை. கொத்தனாரும் பிளம்பரும் ரசீது கொடுக்கமாட்டார்களே என்பது இரண்டாவது மறுப்பு. வங்கிக் கணக்கு வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுத்த கூலிக்கான பதிவையே ரசீதாக ஏற்றுக்கொள்ளலாம். சித்தாளின் கைப்பேசியிலும் இன்று யுபிஐ இருக்கிறது.